ஆகஸ்ட் 27-ஐ வைத்து ‘வரலாற்றில் இன்று’ பலகை எழுதப் பழகுவது எப்படி?

சேலத்திலோ ஏற்காட்டிலோ ஒரு பள்ளியில், நூலகத்தில், ஊர்ப் படிப்பகத்தில் ‘வரலாற்றில் இன்று’ எழுதும் பொறுப்பு கைக்கு வந்தால், காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் பட்டியலைப் பார்த்து அப்படியே பலகையில் எழுதிவிடத்தான் முதலில் தோன்றும். கொஞ்ச நாள் ஓடும். பிறகு யாராவது ஒரு மாணவர், “சார், அது இந்தியாவுல 28-ஆம் தேதி ஆச்சே, நான் டிவியில பார்த்தேனே” என்பார். அதோடு பலகையின் மேல் இருந்த மதிப்பு போய்விடும். அந்தக் கேள்விக்கு முதல் நாளே பதில் வைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு தேதியை வைத்துப் பார்ப்போம். ஆகஸ்ட் 27 இதற்குத் தோதான நாள். சேலத்துக்கென்று ஒரு நிகழ்வு இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, ஏமாற்றும் தேதிகளும் போதுமான அளவு இருக்கின்றன.

முதலில் அளவு. 4 அடிக்கு 3 அடி பலகையில் ஆறு வரிச் செய்திகள்தான் அடங்கும். எழுத்து ஓர் அங்குல உயரமாவது இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிப்பதென்றால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம், அதாவது ஏறக்குறைய 180 சொற்கள். எனவே முப்பது செய்தி திரட்டினாலும் ஆறுதான் மேடைக்குப் போகும். மீதி இருபத்து நான்கும் வீணல்ல. அடுத்த ஆண்டு அதே நாளுக்கு உதவும்.

பதிவேடு

தினம் தினம் தேடி எழுதினால் ஒரு பருவத்துக்குள் சலித்துவிடும். நாளுக்கு ஒரு பக்கம் என்று 366 பக்கம் கொண்ட ஒரு பதிவேட்டைத் தொடங்குங்கள். 365 அல்ல, பிப்ரவரி 29-க்கும் ஒரு பக்கம் வேண்டும். கணினியில் வைப்பவர்கள் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பாதித் தவறு இங்கேதான் நுழைகிறது. சின்னப்பம்பட்டி நடராஜன் தன் முதல் சர்வதேச டி20 ஆட்டத்தை ஆடியது 4/12/2020. கணினி அமெரிக்க முறைத் தேதி அமைப்பில் இருந்தால் அதை ஏப்ரல் 12 என்று எடுத்துக்கொண்டு அந்த மாதத்தில் போய்ச் செருகிவிடும். 2020 ஏப்ரலில் ஊரே அடங்கிக் கிடந்தது, கிரிக்கெட்டாவது ஒன்றாவது! எக்செல் 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போது 1883, 1859 எல்லாம் இடம் மாறிப் போவது அதனால்தான். மூன்று தனிக் கட்டம் இருந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

அதற்கு அடுத்த கட்டங்கள்: நிகழ்வு, இடம், எந்த ஊர் நேரம், முதல் ஆதாரம், இரண்டாம் ஆதாரம், சரிபார்த்தவர். இரண்டாம் ஆதாரம் காலியாக இருக்கும் வரை அந்தச் செய்தி பலகைக்குப் போகக் கூடாது. இரண்டு இணையப் பக்கங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது இரண்டு ஆதாரம் ஆகாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். மாவட்ட மைய நூலகத்தில் மாவட்ட விவரச்சுவடி, பழைய ஆண்டு மலர்கள், நாளிதழ்த் தொகுப்புகள் உண்டா என்று கேளுங்கள். நாளிதழில் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: 28-ஆம் தேதி காலை இதழில் இருப்பது பெரும்பாலும் 27-ஆம் தேதி நடந்தது. இதழின் தேதியையே நிகழ்வின் தேதியாக எழுதிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

உள்ளூரிலிருந்து தொடங்குங்கள்

உலகப் பட்டியல் எங்கும் கிடைக்கும். சேலத்துப் பட்டியலை நீங்கள்தான் செய்ய வேண்டும். பதிவேட்டில் முதலில் ஏற வேண்டியவை: சேலம் விஜயராகவாச்சாரியார் பிறந்த 18 ஜூன் 1852, அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த 10 டிசம்பர் 1878, மேட்டூர் அணை திறக்கப்பட்ட 21 ஆகஸ்ட் 1934, நீதிக்கட்சி ‘திராவிடர் கழகம்’ ஆன சேலம் மாநாடு நடந்த 27 ஆகஸ்ட் 1944, சேலம் சிறைத் துப்பாக்கிச்சூட்டில் 22 கைதிகள் இறந்த 11 பிப்ரவரி 1950, தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2 அக்டோபர் 1965, பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட 17 செப்டம்பர் 1997, சேலம் ரயில்வே கோட்டம் செயல்படத் தொடங்கிய 1 நவம்பர் 2007. இந்த எட்டும் கையில் இருந்தாலே பலகை ‘எங்க ஊர்ப் பலகை’ ஆகிவிடும்.

இடப்பெயரில் கவனம் தேவை. ஓசூர் அருகே உள்ள தொரப்பள்ளி இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். ‘சேலம் மாவட்டத்தில் பிறந்தார்’ என்று மட்டும் எழுதினால் ஓசூர்க்காரர் சண்டைக்கு வருவார், ‘கிருஷ்ணகிரி மாவட்டத்தில்’ என்று மட்டும் எழுதினால் 1878-இல் அப்படி ஒரு மாவட்டமே இல்லை. ‘அன்றைய சேலம் மாவட்டம், இன்றைய கிருஷ்ணகிரி’ என்று இரண்டையும் எழுதிவிடுவதுதான் வழி.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சேர்வராயன் மலையின் வரலாற்றில் ஆண்டுகள் நிறைய, தேதிகள் குறைவு. கலெக்டர் டேவிட் காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தது 1820-களில். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917. இவற்றுக்கு நாளைத் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக ஜனவரி 1-இல் போய் ஒட்டிவிடாதீர்கள். பதிவேட்டின் கடைசியில் ‘ஆண்டு மட்டும்’ என்று சில பக்கங்களை ஒதுக்கி அங்கே எழுதுங்கள். செய்தி வறண்ட நாளில் ‘ஏற்காடு அறிவோம்’ என்று ஒரு வரி போட அவை கைகொடுக்கும்.

‘நகரும் நாட்கள்’ என்று இன்னொரு பகுதியும் வேண்டும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, சேர்வராயன் கோயில் திருவிழா, பொங்கல் ஆகியவை ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல. மேட்டூர் அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-உம் இந்த வகைதான். மரபுப்படி அதுதான் நாள் என்றாலும், நீர்மட்டத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு முன்னே பின்னே போகும். ‘இன்று மேட்டூர் திறக்கும் நாள்’ என்று ஜூன் 12-இல் எழுதுவதற்கு முன் அன்றைய செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு தேதியிடமும் கேட்க வேண்டியவை

இப்போது ஆகஸ்ட் 27. திரட்டினால் பெரிய பட்டியல் வரும். சலிக்க மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: எந்த ஊர்க் கடிகாரம்? 27 ஆகஸ்ட் 2023 அன்று புடாபெஸ்டில் நீரஜ் சோப்ரா ஈட்டியை 88.17 மீட்டர் எறிந்து உலகத் தடகளப் போட்டியில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். இறுதிச் சுற்று தொடங்கும்போது நமக்கு இரவு 11.45 மணி. தங்கம் உறுதியானபோது இங்கே 28 பிறந்துவிட்டது. கண்விழித்துப் பார்த்த மாணவர் சொல்வதும் சரி, உலகப் பட்டியல் சொல்வதும் சரி. நிகழ்ந்த இடத்துத் தேதியையே எழுதுவது, நம் தேதி வேறானால் அடைப்புக்குள் ‘இந்திய நேரப்படி 28’ என்று சேர்ப்பது என ஒரே விதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பின்பற்றுங்கள். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது அமெரிக்காவில் 20 ஜூலை 1969 இரவு, நமக்கு 21 ஜூலை காலை 8.26. இதற்கும் அதே விதிதான்.

இரண்டாம் கேள்வி: எந்த நாட்காட்டி? பிரிட்டனில் 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14 என்று எண்ணினார்கள். அதற்கு முந்தைய ஆங்கிலேயத் தேதிகளில் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. நியூட்டனின் பிறந்தநாள் 25 டிசம்பர் 1642 என்றும் 4 ஜனவரி 1643 என்றும் கிடைப்பது அதனால்தான். ரஷ்யாவின் ‘அக்டோபர்’ புரட்சியை நவம்பர் 7-இல் எழுதுகிறோமே, அதுவும் இதே கதை. நம்மிடமும் ஒரு குழப்பம் உண்டு. ஆங்கில நாள் நள்ளிரவில் மாறும், நம் வழக்கில் நாள் விடியலில்தான் மாறும். பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 இரவு கழிந்து, 12 விடிவதற்கு முன். ஆகவே இரண்டு தேதியும் புழக்கத்தில் இருக்கின்றன. ‘செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதினால் எந்தப் பக்கமும் வம்பு வராது.

மூன்றாம் கேள்விதான் அதிக வேலை வாங்கும்: இந்த நாளில் உண்மையில் நடந்தது என்ன? தொடங்கியதா, முடிந்ததா, கையெழுத்தானதா, நடைமுறைக்கு வந்ததா? ‘27 ஆகஸ்ட் 1859: அமெரிக்காவில் எண்ணெய் கிடைத்தது’ என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். டிட்டஸ்வில்லில் எட்வின் டிரேக்கின் துளை 69 அடி ஆழத்தைத் தாண்டியது அன்றைக்குத்தான். குழாய்க்குள் எண்ணெய் மேலேறி நிற்பதைக் கண்டது மறுநாள். கிரகத்தோவா எரிமலை 1883 மே மாதமே குமுறத் தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 27 அதன் உச்சம். ஆகவே ‘வெடிக்கத் தொடங்கியது’ என்று எழுதக் கூடாது. போரைக் கைவிடுவதாக நாடுகள் பாரிஸில் செய்த கெல்லாக்–பிரியான் ஒப்பந்தத்தில் 1928-இல் இதே நாளில் கையெழுத்திட்டார்கள், அது நடைமுறைக்கு வந்தது 24 ஜூலை 1929. உள்ளூர் உதாரணம் வேண்டுமானால் நாமக்கல்: சேலத்திலிருந்து பிரித்தது 25 ஜூலை 1996, தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1 ஜனவரி 1997. பதிவேட்டில் இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள், ஆனால் வினைச்சொல் வேறாக இருக்கட்டும்.

விளையாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள். அறிமுகம் என்றால் முதல் நாள், வெற்றி என்றால் கடைசி நாள். நடராஜனின் டெஸ்ட் அறிமுகம் பிரிஸ்பேனில் 15 ஜனவரி 2021, அந்த ஆட்டத்தை இந்தியா வென்றது 19 ஜனவரி. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு விஷயத்தில் ஆண்டே ஏமாற்றும். பாராலிம்பிக்குக்கு ‘டோக்கியோ 2020’ என்று பெயர் இருந்தாலும் அவர் உயரம் தாண்டுதலில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றது 31 ஆகஸ்ட் 2021. ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றது 2016. போட்டியின் பெயரில் இருக்கும் ஆண்டைப் பார்த்து எழுதினால் தப்பு நிச்சயம்.

கிழமைக் கணக்கு

சந்தேகமான தேதியைச் சோதிக்கக் கிழமை ஒரு நல்ல உரைகல். பழைய செய்தியில் ‘ஞாயிறன்று’ என்று இருந்து, கணக்குப்படி புதன் வந்தால் ஏதோ ஒன்று தவறு. மாதத்துக்கு ஓர் எண்: ஜனவரி 1, பிப்ரவரி 4, மார்ச் 4, ஏப்ரல் 0, மே 2, ஜூன் 5, ஜூலை 0, ஆகஸ்ட் 3, செப்டம்பர் 6, அக்டோபர் 1, நவம்பர் 4, டிசம்பர் 6. தேதி, மாத எண், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அந்த இரண்டு இலக்கத்தை 4-ஆல் வகுத்த ஈவு, நான்கையும் கூட்டி 7-ஆல் வகுங்கள். மீதி 1 என்றால் ஞாயிறு, 2 திங்கள், இப்படியே போய் 0 சனி. இது 1900-களுக்கு. 1800-களுக்கு 2 கூட்ட வேண்டும், 2000-களுக்கு 1 கழிக்க வேண்டும். லீப் ஆண்டில் ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்கு மேலும் 1 கழிக்க வேண்டும்.

27 ஆகஸ்ட் 1944-ஐப் போட்டுப் பார்ப்போம்: 27 + 3 + 44 + 11 = 85. ஏழால் வகுத்தால் மீதி 1, ஞாயிறு. மாநாட்டுக்கு ஏற்ற கிழமைதான். கிரகத்தோவா: 27 + 3 + 83 + 20 + 2 = 135, மீதி 2, திங்கள். கணக்கு சரியாக வந்தால் தேதி உறுதி என்று பொருளில்லை. ஆனால் கிழமை முரண்பட்டால் செய்தியைக் கட்டாயம் நிறுத்திவைக்க வேண்டும்.

பிறந்தநாள்கள்

ஆகஸ்ட் 27, 1908 அன்று ஆஸ்திரேலியாவில் டான் பிராட்மேன் பிறந்தார். அதே ஆண்டு அதே நாளில் அமெரிக்காவில் பிறந்தவர் பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சன். மல்யுத்தக்காரர் கிரேட் காலி 1972. பிள்ளைகள் காலியைத்தான் கேட்பார்கள், போட்டுவிடுங்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அன்னை தெரசாவையும் சில பட்டியல்கள் இந்த நாளில் வைக்கும். அவர் பிறந்தது 26 ஆகஸ்ட் 1910, திருமுழுக்குப் பெற்றது 27. அதையே தம் உண்மையான பிறந்தநாளாக அவர் கருதினார் என்பதால் வந்த குழப்பம் இது. தியான் சந்த் பிறந்தநாளான தேசிய விளையாட்டு நாள் 29, அதையும் இங்கே இழுத்துவர வேண்டாம்.

உள்ளூர்ப் பெரியவர்களின் பிறந்தநாளில் வேறு தொல்லை. ஒருகாலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வயது ஐந்து நிறைவதற்குத் தோதாக ஆசிரியரே மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதி எழுதிவிடுவது வழக்கம். சான்றிதழ்த் தேதி ஒன்று, வீட்டில் நட்சத்திரப்படி கொண்டாடுவது வேறொன்று. இரண்டில் எதை எழுதுகிறீர்கள் என்று பதிவேட்டில் குறித்துவையுங்கள்.

எத்தனையாவது ஆண்டு என்று கணக்கிடுவதில் ஒன்று தவறுவது மிகச் சாதாரணம். இந்த ஆண்டிலிருந்து நிகழ்வின் ஆண்டைக் கழித்தால் வருவது நிறைவடைந்த ஆண்டு. 27 மே 1991-இல் பிறந்த நடராஜனுக்கு 27 மே 2026-இல் 35 வயது நிறைந்து 36 தொடங்குகிறது. ‘35 வயது நிறைவு’ என்று எழுதினால் யாரும் விரல் விட்டு எண்ணத் தேவையில்லை.

எதை எடுப்பது, எதை விடுவது

ஆறு இடத்தில் உள்ளூர் ஒன்று, தமிழகம் அல்லது இந்தியா இரண்டு, உலகம் இரண்டு, விளையாட்டு ஒன்று என்று வைத்துக்கொண்டால் சமன்படும். திரைப்பட நட்சத்திரப் பிறந்தநாள்கள் எல்லா நாளிலும் அரை டஜன் இருக்கும். கதவைத் திறந்துவிட்டால் வேறு எதுவும் உள்ளே வராது. அமெரிக்கப் பட்டியல்களில் பேஸ்பால் சாதனைகள் குவிந்திருக்கும், தாண்டிப் போங்கள். மரணச் செய்தி ஒன்றுக்கு மேல் வேண்டாம். 1976-இல் பாடகர் முகேஷும் 1979-இல் மவுண்ட்பேட்டனும் இதே நாளில் இறந்தார்கள் என்பதற்காக இருவரையும் போட்டால் பலகை இரங்கல் செய்திப் பக்கம்போல் ஆகிவிடும்.

சான்சிபார் போரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1896-இல் இதே நாளில் நடந்த, வரலாற்றிலேயே மிகக் குறுகிய போர். 38 நிமிடம் என்று எழுதுபவர்களும் உண்டு, 45 என்பவர்களும் உண்டு. ‘முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்த போர்’ என்று எழுதிவிட்டால் இரண்டுக்கும் பொருந்தும்.

தமிழக வரிக்குப் புள்ளலூர்ப் போர். காஞ்சிபுரம் அருகே 27 ஆகஸ்ட் 1781-இல் ஐதர் அலியின் படையோடு அயர் கூட்டின் ஆங்கிலேயப் படை மோதியது. அதே ஊரில் ஓராண்டுக்கு முன் 10 செப்டம்பர் 1780-இல் மைசூர்ப் படை ஆங்கிலேயரை நொறுக்கிய போர் வேறு. பட்டியல்கள் இரண்டையும் கலந்துவிடுகின்றன. சேலத்துக்கும் இதில் பங்கு உண்டு. அப்போது இந்தப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகுதான் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அரசியல் நிகழ்வை விட்டுவிடுவது நல்லது என்று சிலர் சொல்வார்கள். சேலத்துப் பலகையில் 1944-ஐ விடுவது சரியல்ல. அடைமொழி சேர்க்காமல் யார், எங்கே, என்ன என்று மட்டும் எழுதினால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. சிறைத் துப்பாக்கிச்சூட்டுக்கும் இதே நடை போதும்.

ஒரு எச்சரிக்கை: ஆகஸ்ட் நெருங்கும்போது ‘27-ஆம் தேதி இரவு வானில் இரண்டு நிலா, செவ்வாய் நிலவளவு தெரியும்’ என்ற செய்தி ஆண்டுதோறும் சுற்றும். 27 ஆகஸ்ட் 2003-இல் செவ்வாய் பூமிக்கு மிக அருகில், சுமார் 5.58 கோடி கிலோமீட்டரில் வந்தது உண்மை. அன்றும் அது வெறும் கண்ணுக்கு ஒளிமிக்க புள்ளியாகத்தான் தெரிந்தது. அந்தப் பழைய செய்தியின் ஆண்டை வெட்டிவிட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

பலகையில் ஏற்றுவது

சலித்தெடுத்த பிறகு ஆகஸ்ட் 27 இப்படி நிற்கும்:

1944 – சேலத்தில் பெரியார் தலைமையில் நடந்த மாநாட்டில் நீதிக்கட்சியின் பெயர் ‘திராவிடர் கழகம்’ என மாற்றப்பட்டது.
1781 – காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஐதர் அலி படைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் போர்.
1883 – இந்தோனேசியாவில் கிரகத்தோவா எரிமலை வெடிப்பின் உச்சம்; 36,000-க்கு மேற்பட்டோர் பலி.
1908 – டான் பிராட்மேன் பிறந்தார். டெஸ்ட் சராசரி 99.94.
1939 – உலகின் முதல் ஜெட் விமானமான ஹெயின்கல் 178 ஜெர்மனியில் பறந்தது.
2023 – நீரஜ் சோப்ராவுக்கு உலகத் தடகளத் தங்கம், 88.17 மீட்டர் (இந்திய நேரப்படி 28).

உள்ளூர் வரி மேலே, மற்றவை ஆண்டு வரிசையில். ஆண்டை வேறு நிறச் சாக்பீஸில் எழுதினால் சட்டெனக் கண்ணில் படும். வாசிப்பவரிடம் ஒரு வரிக்காவது கூடுதல் விவரம் கொடுத்து வையுங்கள். பிராட்மேனின் சராசரி 100 ஆக அவருடைய கடைசி இன்னிங்ஸில் 4 ரன் தேவைப்பட்டது, அவர் எடுத்தது பூஜ்ஜியம் என்று சொன்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஏற்காட்டில் எழுதுபவர்களுக்கு ஆகஸ்டில் மழையும் மூடுபனியும் எதிரி. ஈரம் ஏறிய கரும்பலகையில் சாக்பீஸ் பிடிக்காது. எழுதும்போது ஒன்றும் தெரியாமல், காய்ந்த பிறகு திட்டுத் திட்டாக வெளுத்து நிற்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தாழ்வாரத்தின் உள்சுவரில் மாட்டுங்கள். அச்சிட்டு ஒட்டுவதானால் தாள் பிற்பகலுக்குள் சுருண்டுவிடும், லேமினேட் செய்த உறைக்குள் தினமும் தாளை மாற்றிச் செருகலாம். கணினியில் யூனிகோடிலேயே தட்டச்சிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததைக் குழுவுக்கு அனுப்பினால் மறுமுனையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் போய்ச் சேரும்.

தவறு என்று யாராவது சுட்டிக்காட்டினால் அழித்து எழுதிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். மறுநாள் பலகையின் கீழே ‘நேற்றைய திருத்தம்’ என்று ஒரு வரி போட்டு, பதிவேட்டிலும் சிவப்பு மையில் திருத்துங்கள். பதிவேட்டில் திருத்தாவிட்டால் அடுத்த ஆண்டு அதே பிழை அதே இடத்தில் மறுபடி ஏறும். பதிவேடு எப்போதும் பலகைக்கு இரண்டு வாரம் முன்னால் ஓடட்டும். ஒரு நாளுக்கு இரண்டாம் ஆதாரம் தேடவே சில நேரம் ஒரு வாரம் பிடிக்கும்.